திரும்பவும் விலகும் திரை: விழித்திரை அறுவை மருத்துவ வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

தமிழில் 'திரை' என்னும் சொல்லுக்கு மூன்று பொருள்கள் உண்டு. கடலின் அலை திரை. மேடையை மறைக்கும் சீலை திரை. முதுமையில் தோலில் விழும் சுருக்கமும் திரையே. 'நரை திரை மூப்பு' என்று அடுக்கிச் சொல்லும்போது நாம் கருதுவது அந்தச் சுருக்கத்தைத்தான். மேலைமொழிகளில் 'ரெட்டினா' என்று வழங்கும் உறுப்புக்கு வலை என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லே வேர். தமிழில் கலைச்சொல் ஆக்கியவர்கள் வலையை விட்டுவிட்டு, உருவம் வந்து விழும் சீலை என்ற கருத்தில் 'விழித்திரை' என்றனர். நல்ல சொல். ஆனால் அதை ஆக்கியவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வாய்ப்பில்லாத ஒரு பொருத்தமும் அச்சொல்லுக்குள் இருக்கிறது. இந்த உறுப்புக்கு வரும் பெருநோயில் திரையின் மூன்று பொருள்களும் ஒன்றன்பின் ஒன்றாக மெய்யாகின்றன. முதலில் நோயாளி, 'கண்ணுக்கு முன்னால் ஒரு ஓரத்திலிருந்து சீலை இறங்குகிறது' என்கிறார். மருத்துவர் உள்ளே பார்க்கும்போது, தன் இடத்தை விட்டுப் பெயர்ந்த விழித்திரை கண் அசையும்தோறும் அலைபோல் நெளிகிறது. அறுவை செய்து ஒட்டவைத்த பின்னும் நோய் திரும்பி வருமானால், அப்போது அது அலையாக இருப்பதில்லை. சுருங்கி மடிந்து விறைத்த தோலாகிவிடுகிறது. இக்கட்டுரை அந்த மூன்றாம் திரையைப் பற்றியது.

இலக்கியம் பேசும் இடத்தில் இது எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. எங்கள் சங்கரன்கோவில் வட்டாரத்தில் 'போன கண் போனதுதான்' என்பது மிகச் சாதாரணமாகப் புழங்கும் வாக்கியம். கண்புரை அறுவையைப் பற்றி இன்று யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் விழித்திரை விலகி, ஒருமுறை அறுவை செய்து, சில வாரங்களில் மறுபடியும் இருட்டு வந்தவரிடம், அவருடைய வீட்டாரே இந்த வாக்கியத்தைச் சொல்லிவிடுகிறார்கள். அவரும் அதை ஏற்றுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். அந்த வாக்கியம் எந்த ஆண்டு வரை உண்மையாக இருந்தது, எப்போது பொய்யாகத் தொடங்கியது, இன்னும் எவ்வளவு மிச்சம் உண்மை அதில் இருக்கிறது என்பதை வரலாற்றைக் கொண்டுதான் சொல்ல முடியும்.

ஒட்டாமல் ஒட்டியிருக்கும் படலம்

கண் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டை. அதன் பின்சுவரின் உட்புறத்தில், அரை மில்லிமீட்டர்கூடத் தடிப்பு இல்லாத படலமாக விழித்திரை படர்ந்திருக்கிறது. சுவரில் பசைபோட்டு ஒட்டிய தாள் அன்று அது. கருவில் கண் உருவாகும்போது இரண்டு அடுக்குகள் ஒரு கிண்ணமாக மடிகின்றன. வெளி அடுக்கு நிறமி அணுக்களின் வரிசையாகவும், உள் அடுக்கு ஒளியை உணரும் நரம்புப் படலமாகவும் வளர்கின்றன. இரண்டும் நெருங்கி நிற்கின்றனவே தவிர, ஒன்றாக இணைவதில்லை. அந்தப் பழைய இடைவெளி வாழ்நாள் முழுவதும் மூடிய கதவாகவே இருக்கிறது.

கண்ணின் நடுவில் விட்ரியஸ் என்னும் கூழ்ம நீர்மம் நிரம்பியிருக்கிறது. இளமையில் முட்டையின் வெண்கருபோல் கெட்டியாக இருக்கும் இது, வயது ஏற ஏற இளகிச் சுருங்கி, விழித்திரையை விட்டு அகலுகிறது. அகலும்போது எங்கேனும் ஓரிடத்தில் பிடிவிடாமல் இழுத்தால் படலம் கிழிகிறது. கிழிசல் வழியே நீர்மம் உட்புகுந்து மூடிய கதவைத் திறந்துவிடுகிறது. கடுமையான கிட்டப்பார்வை உள்ளவர்கள், கண்ணில் அடிபட்டவர்கள், கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து கூடுதல். உலக அளவில் ஆண்டுக்குப் பதினாயிரம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இது நேர்கிறது.

இந்நோயின் கொடுமை, இதில் வலி இல்லாமை. கண்ணில் தூசி விழுந்தால் துடிக்கும் மனிதன், விழித்திரை பெயரும்போது ஒன்றும் உணர்வதில்லை. திடீரெனக் கண்முன் கரும்பூச்சிகள் பறப்பதுபோலத் தோன்றும். ஓரத்தில் மின்னல் வெட்டும். பிறகு ஒரு நிழல் மெல்ல ஏறும். வலிக்காததால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறோம். பார்வையின் கூர்மைக்குக் காரணமான நடுப்பகுதி பெயர்ந்துவிட்டால், அங்குள்ள உயிரணுக்கள் ஊட்டமின்றி நாளுக்கு நாள் மடியத் தொடங்குகின்றன.

நூறாண்டுக்கு முன்

நம் மரபிலும் கண் மருத்துவம் தனித்துறையாகவே வளர்ந்தது. சித்த மருத்துவம் கண்நோய்களைத் தொண்ணூற்றாறாக வகுத்தது. அகத்தியர் பெயராலும் நாகமுனிவர் பெயராலும் நயனவிதி நூல்கள் வழங்குகின்றன. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்துக் கண்நோயாளர் பற்றிய குறிப்புகளும் கண்ணின் வண்ண ஓவியங்களும் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. ஆயினும் இவற்றில் எந்த மருத்துவரும் விழித்திரையை உயிருள்ள கண்ணில் பார்த்திருக்க முடியாது. கண்மணியின் துளை எல்லோருக்கும் கறுப்பாகவே தெரிந்தது. 1851இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண் உள்நோக்கி என்னும் கருவியை வெளியிட்ட பிறகே, உலகில் எவரும் அந்தக் கறுப்புக்குள் நுழைந்து பார்க்க முடிந்தது.

பார்த்தார்கள்; ஆனால் செய்வதறியாமல் நின்றார்கள். விலகிய விழித்திரைக்கு அன்றைய மருத்துவம் படுக்கைதான். இரண்டு கண்களையும் கட்டி, தலையின் இருபுறமும் மணல்மூட்டை வைத்து, வாரக்கணக்கில் அசையாமல் கிடத்தினார்கள். 1912இல் அமெரிக்க மருத்துவர் டெரிக் வேல் தம் நாட்டுக் கண் மருத்துவர்களிடம் கேட்டுத் தொகுத்தபோது, ஆயிரத்தில் ஒருவர் குணமாவதே அரிது என்ற நிலை தெரியவந்தது. 'போன கண் போனதுதான்' என்பது அன்று மருத்துவ அறிவியலின் கருத்தும்கூட.

இதை மாற்றியவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரைச் சேர்ந்த ஜூல் கோனின் (1870–1935). விழித்திரையில் கிழிசல்கள் காணப்படுவதை அவருக்கு முன்பும் சிலர் கண்டிருந்தனர். லேபர் என்னும் ஜெர்மானியர் 1882இல் கிழிசலையும் விட்ரியஸ் இழுப்பையும் பற்றி எழுதியிருந்தார். ஆனால் கிழிசல் நோயின் விளைவு என்றே பலரும் எண்ணினர். கோனின் மட்டும் கிழிசலே காரணம், அதை அடைத்தால் நோய் தீரும் என்று கொண்டார். கிழிசல் இருக்கும் இடத்தை உள்நோக்கியால் தேடி, படம் வரைந்து, கண்ணின் வெளிச்சுவரில் அதற்கு நேரான புள்ளியை அளந்து குறித்து, அங்கே துளையிட்டு நீரை வெளியேற்றி, காய்ச்சிய ஊசியால் சுட்டார். சுட்ட தழும்பு படலத்தைச் சுவரோடு ஒட்டவைத்தது. 1920ஆம் ஆண்டை ஒட்டி அவர் தம் முடிவுகளை வெளியிட்டபோது நம்பியவர் சிலரே. 1929இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய பன்னாட்டுக் கண் மருத்துவ மாநாட்டில்தான் அவர் கருத்துக்கு முழு ஏற்பு கிடைத்தது. ஆயிரத்தில் ஒன்றாக இருந்த வெற்றி, ஏறத்தாழப் பாதிக்குப் பாதி என்றானது.

கோனினுடைய வெற்றிக்குக் காரணம் சூட்டுக்கோல் அன்று. அது நம் ஊர் வைத்தியர்களிடமும் இருந்தது. கிழிசல் எங்கே என்று பொறுமையோடு தேடியதே காரணம். இன்றும் அறுவை தோற்பதற்கான காரணங்களில் ஒன்று, கண்டுபிடிக்கப்படாத அல்லது புதிதாக உண்டான கிழிசல்தான்.

மரம் அறுத்தவரும் இடிபாட்டுத் தகரமும்

தேடுவதற்கு நல்ல கருவி வேண்டும். அதைத் தந்தவரின் வாழ்க்கை, நாவலாசிரியன் எழுதினால் நம்பமாட்டோம் என்று சொல்லத்தக்கது. பெல்ஜியத்தைச் சேர்ந்த சார்லஸ் ஷெப்பன்ஸ் இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானிய இரகசியக் காவல்துறையிடமிருந்து தப்பி, பிரான்சின் தென்கோடியில் பாஸ்க் மலைப்பகுதியில் வேறு பெயரில் ஒரு மர அறுவை ஆலையை நடத்தினார். ஆலை வெறும் போர்வை. நூறு பேரளவில் அவ்வழியே எல்லை கடந்து ஸ்பெயினுக்குத் தப்பினார்கள். 1943இல் குட்டு வெளிப்பட, அவரும் மலை ஏறித் தப்பி இங்கிலாந்து சேர்ந்தார். அங்கே லண்டனில், குண்டுவீச்சில் சிதறிக் கிடந்த உலோகத் துண்டுகளைப் பொறுக்கிச் செய்ததே, தலையில் மாட்டிக்கொண்டு இரு கண்ணாலும் பார்க்கும் உள்நோக்கியின் முதல் வடிவம். விழித்திரையின் கடைசி ஓரம்வரை ஆழத்தோடு காண அது வழி செய்தது. இன்றைக்கு மதுரையிலோ நெல்லையிலோ விழித்திரை மருத்துவர் தலையில் விளக்குக் கிரீடம்போல் மாட்டிக்கொள்ளும் கருவி அதன் வாரிசுதான்.

1947இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் சென்ற ஷெப்பன்ஸ், 1950களின் தொடக்கத்தில் இன்னொரு முறையையும் வளர்த்தார். அதே காலத்தில் ஜெர்மனியில் கஸ்டோடிஸ் தனியே அதே வழியில் சென்றுகொண்டிருந்தார். கண்ணின் வெளிச்சுவரின் மேல் ஒரு பட்டையைத் தைத்து, சுவரை உள்நோக்கி அமுக்குவது அம்முறை. விலகிய திரையைச் சுவருக்குக் கொண்டுசெல்ல இயலாவிட்டால், சுவரைத் திரையிடம் கொண்டுசெல்வோம் என்பதே அதன் தத்துவம். நாளடைவில் பட்டைக்குச் சிலிக்கோன் ரப்பரும், சூட்டுக்கோலுக்குப் பதில் உறையவைக்கும் கோலும், பின்னர் லேசரும் வந்தன. முதல் அறுவையிலேயே நூற்றுக்கு எண்பத்தைந்து, தொண்ணூறு கண்களில் விழித்திரை ஒட்டும் நிலையை மருத்துவம் எட்டியது.

மூன்றாம் திரை

எஞ்சிய பத்துப் பதினைந்து பேரின் கதை என்ன? அவர்களில் பலருக்கு அறுவை நன்றாகவே முடிந்திருக்கும். கட்டு அவிழ்த்தவுடன் வெளிச்சம் தெரிந்திருக்கும். ஊருக்குத் திரும்பி, வெள்ளை வேட்டியின் கரை தெரிகிறது என்று சொல்லி மகிழ்ந்திருப்பார்கள். நான்கு வாரம், எட்டு வாரம் கழித்து நிழல் திரும்பி வரும். முதன்முறை வந்ததைவிட இரண்டாம்முறை வந்த இருட்டு மனிதனை முறிக்கிறது. ஏனெனில் முதன்முறை அவனிடம் நம்பிக்கை செலவழியாமல் இருந்தது.

இந்த மறுவிலகலின் காரணத்தை விளங்கவைத்தவர் ராபர்ட் மாக்கமர் (1933–2009). ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவின் மயாமியில் பணியாற்றிய அவரும் உடனாய்வாளர் லாக்குவாவும் 1975இல், குரங்குகளின் கண்களை ஆய்ந்து, விழித்திரை விலகும்போது அதன் பின்னிருக்கும் நிறமி அணுக்கள் இடம்பெயர்ந்து பெருகுவதைக் காட்டினர். கிழிசல் வழியே கண்ணுக்குள் வந்துவிட்ட அந்த அணுக்கள், விழித்திரையின் முன்னும் பின்னும் படிந்து, மெல்லிய சவ்வாக வளர்ந்து, பின் சுருங்குகின்றன. உடலில் எங்கே காயம்பட்டாலும் தசை கூடித் தழும்பாகி இறுகுவது இயற்கையின் மருத்துவம். தோலில் அது நன்மை. கண்ணுக்குள் அதே நன்மை கேடாகிறது. இறுகும் தழும்பு ஒட்டவைத்த திரையைத் தன்னோடு சுருட்டி இழுத்துவிடுகிறது. 1983இல் இந்நிலைக்குப் பெருகு விட்ரியஸ்-விழித்திரை நோய் என்ற பொருள்தரும் ஆங்கிலப் பெயர் வகுக்கப்பட்டது, மருத்துவர்கள் பி.வி.ஆர். என்று சுருக்கி வழங்குவர். விழித்திரை விலகிய நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு இது வருகிறது. அறுவை தோற்பதற்கு முதற்காரணம் இதுவே.

இதற்கு வெளியிலிருந்து பட்டை கட்டினால் போதாது. உள்ளே நுழைய வேண்டும். ஆனால் விட்ரியஸைத் தொட்டால் கண் அழியும் என்பது நூற்றாண்டுகளாகக் கண் மருத்துவத்தின் விலக்கப்பட்ட விதி. அதை முதலில் துணிந்து மீறியவர் மயாமியின் டேவிட் காஸ்னர். 1960களில் அவர் கருவிழியைத் திறந்து விட்ரியஸை வெட்டி எடுத்தும் கண் பிழைத்ததைக் காட்டினார். மாக்கமர் அதை மூடிய கண்ணுக்குள் செய்ய விரும்பினார். வெட்டவும் உறிஞ்சவும் வேண்டும். அதே நேரத்தில் கண் சுருங்காமல் நீரும் நிரப்ப வேண்டும். இப்படி ஒரு கருவியைச் செய்து, முட்டையின் வெண்கருவில் வெட்டிப் பழகினார். 1970 ஏப்ரலில் முதல் நோயாளிக்கு அந்த அறுவை நடந்தது. விட்ரெக்டமி என்று இன்று வழங்குவது அதுதான்.

சவ்வை உரித்தபின் திரையை அதனிடத்தில் அழுத்திப் பிடிக்க ஏதேனும் வேண்டுமே? 1938இலேயே சுவீடனின் ரோசன்கிரென் காற்றுக்குமிழைச் செலுத்தியிருந்தார். காற்று சில நாளில் கரைந்துவிடும். 1973இல் நார்ட்டன் இரண்டு வாரமளவு நிற்கும் கந்தக ஹெக்சாஃபுளூரைடு வாயுவைப் பற்றி எழுதினார். இரண்டு மாதமளவு நிற்கும் பெர்ஃபுளூரோபுரோப்பேன் வாயு பின்னர் வந்தது. இவற்றுக்கு முன்பே 1962இல் பால் சிபிஸ் என்பவர் கரையாத சிலிக்கோன் எண்ணெயைக் கண்ணுக்குள் நிரப்பினார். அவர் 1965இல் மறைந்தார். பக்கவிளைவுகளுக்கு அஞ்சிப் பலரும் எண்ணெயைக் கைவிட்டனர். அதை விடாமல் பற்றியவர்கள் ஐரோப்பியர். இங்கிலாந்தில் ஜான் ஸ்காட்டும், நெதர்லாந்தின் ராட்டர்டாமில் ஷிவொய்னோவிச்சும் விட்ரெக்டமியையும் எண்ணெயையும் இணைத்து, கைவிடப்பட்ட கண்களை எடுத்துக்கொண்டார்கள். 1992இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஒப்பாய்வின் முடிவு, கடுமையான பி.வி.ஆரில் எண்ணெய் கந்தக வாயுவைவிட மேல், நீண்டநாள் நிற்கும் மற்ற வாயுவுக்குப் பெரும்பாலும் நிகர் என்று காட்டியது.

1980களில் இன்னொரு துணிவும் வழக்குக்கு வந்தது. எவ்வளவு உரித்தாலும் விரியாதபடி திரை சுருங்கிப்போயிருந்தால், சுருங்கிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஒட்டவைப்பது. எங்கள் ஊர் தறிக்காரருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஓரத்தில் இழை இறுகிச் சுருண்ட துணியை நடுவில் எவ்வளவு நீவினாலும் அது படியாது; கரையைக் கத்தரித்துவிட்டால் உடல் படிந்துவிடும். பார்வையின் ஓரத்தை இழந்து நடுவைக் காக்கும் பேரம் அது. 1980களின் பிற்பகுதியில் ஸ்டான்லி சாங் கொணர்ந்த கனநீர்மம், தண்ணீரைவிட எடை மிகுந்ததாகையால், அறுவை மேசையில் மல்லாந்து கிடப்பவரின் திரையை ஒரு கைபோல் உள்ளிருந்து விரித்துத் தந்தது.

தெற்கே வந்த வழி

தமிழகத்துக்குக் கண் மருத்துவமனை புதிதன்று. சென்னையில் 1819இல் தொடங்கிப் பின்னர் எழும்பூருக்கு வந்த அரசு மருத்துவமனை உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் தலைவராக இருந்த எலியட், கண் நீரழுத்த நோய்க்குக் கண்ட அறுவை முறையால் உலகறியப்பட்டவர். ஆனால் விழித்திரை அறுவை தனித்துறையாக இங்கே வேரூன்றியது 1970களில்தான்.

அதற்கு இரண்டு வழிகள். ஒன்று பாஸ்டன் வழி. சென்னையில் பிறந்த எஸ்.எஸ். பத்ரிநாத் (1940–2023) அமெரிக்கா சென்று, மேலே சொன்ன ஷெப்பன்ஸிடமே விழித்திரை அறுவை பயின்று, 1970இல் நாடு திரும்பினார். காஞ்சி சங்கராச்சாரியார் ஜெயேந்திரரின் வேண்டுகோளை ஒட்டி அவர் 1978இல் நிறுவியது சங்கர நேத்ராலயா. லண்டன் இடிபாட்டில் பொறுக்கிய தகரத்துக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் இடையே ஒரே ஒரு தலைமுறை ஆசிரியர்–மாணவர் உறவுதான் இருக்கிறது.

மற்றது மதுரை வழி, எங்களுக்கு நெருக்கமானது. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த கோ. வெங்கடசாமி, கரிசல் மண்ணின் மைந்தர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையில் கண் அறுவை பயின்று, மதுரை அரசு மருத்துவமனையில் பணியாற்றி, ஊர் ஊராகக் கண் முகாம்களை நடத்தியவர். ஓய்வுபெற்ற 1976இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அக்காலத்து முகாம்களில் கண்புரையை முழு வில்லையோடு எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடி கொடுப்பதே வழக்கம். 'சோடாப்புட்டிக் கண்ணாடி' என்று நாம் கேலி பேசிய அந்தக் கண்ணாடி ஆயிரமாயிரம் பேரை நடமாட வைத்தது. ஆனால் வில்லை முழுதும் நீங்கிய கண்ணில் விழித்திரை விலகும் ஆபத்து மிகுதி. ஆகவே கண்புரையை ஒழிக்கப் புறப்பட்ட இயக்கத்துக்கே விழித்திரை மருத்துவமும் தேவைப்பட்டது. அந்தப் பொறுப்பை ஏற்றவர் பெ. நம்பெருமாள்சாமி. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் விட்ரியஸ் அறுவை பயின்று திரும்பி, மதுரையில் அத்துறையை வளர்த்தார். 1988இல் திருநெல்வேலியிலும் அரவிந்த் மருத்துவமனை திறக்கப்பட்டது. எங்கள் ஊரிலிருந்து சென்னை ஓர் இரவு ரயில் தூரம். மதுரை அரைநாள் பயணம். நெல்லை ஒன்றரை மணி நேரப் பேருந்து. நாள்கணக்கில் அணுக்கள் மடியும் நோய்க்கு இந்த வேறுபாடு சிறிதன்று.

1992இல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப் நிறுவனம் முதலில் கண்ணுக்குள் வைக்கும் வில்லைகளை மலிவாகச் செய்தது. பின்னர் அறுவைக்கான சிலிக்கோன் எண்ணெயையும் அங்கேயே தயாரித்தது. கைவிடப்பட்ட கண்ணுக்குள் ஊற்றும் எண்ணெய் கடல்கடந்து வரவேண்டியதில்லை என்றாயிற்று.

எண்ணெயின் கடன்

இவ்வளவு படித்தபின் சிலிக்கோன் எண்ணெய் ஓர் அமுதம் என்று யாரும் எண்ண வேண்டாம். அது கடன். எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. கண்ணுக்குள் மேலே மிதக்கும். ஆதலால் மேற்பாதித் திரையை நன்கு தாங்கும், கீழ்ப்பாதியைத் தாங்காது. மறுவிலகல் பெரும்பாலும் கீழ்ப்புறத்தில் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால்தான் அறுவைக்குப்பின் மருத்துவர் சொல்லும் நிலையில், பலநேரம் முகம் கவிழ்ந்து, நாள்கணக்கில் கிடக்க வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர் ஆடித்தபசு விழாவின் கதையில், சங்கரனையும் நாராயணனையும் ஒரே வடிவில் காண வேண்டி கோமதியம்மன் ஒற்றைக்காலில் நின்று தவம் செய்கிறாள். காண்பதற்காகத் தவம் என்பது எங்களுக்குப் புரியாத கருத்தன்று. கவிழ்ந்து கிடப்பதையும் அப்படி எண்ணிக்கொள்ளலாம். அந்த நாட்களில் கழுத்து வலிக்கும், சோறு இறங்காது, பார்க்க வந்தவர்களின் காலை மட்டுமே பார்க்க முடியும். வீட்டார் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக்கொடுத்தால் அதுவும் மருத்துவத்தின் ஒரு பகுதியே. வாயு நிரப்பியவர்கள் அது கரையும்வரை விமானத்தில் பறக்கக்கூடாது. கொடைக்கானல் போன்ற உயர்மலைக்கும் போகக்கூடாது. உயரத்தில் குமிழ் விரிந்து கண்ணின் அழுத்தம் ஏறிவிடும்.

கடனைத் திருப்பவும் வேண்டும். எண்ணெய் நெடுங்காலம் உள்ளே இருந்தால் கண்ணழுத்தம் கூடலாம், புரை வளரும், கருவிழி மங்கும். பொதுவாக மூன்று முதல் ஆறு மாதத்தில், விழித்திரை நன்கு படிந்ததைப் பார்த்து, எண்ணெயை எடுப்பார்கள். இது இன்னொரு அறுவை. இங்கேதான் நம் மக்கள் தவறுகிறார்கள். ஓரளவு தெரிகிறதே, இன்னொருமுறை எதற்குக் கத்தி என்று போகாமல் இருந்துவிடுகிறார்கள். மறு ஆய்வுக்கான தேதி எழுதிய சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் செருகப்பட்டு மறக்கப்படுகிறது. எண்ணெய் எடுத்தபின்னும் ஒரு பகுதியினருக்குத் திரை மீண்டும் விலகுவதுண்டு என்பதும் உண்மை. சில கண்களில் எண்ணெயை நிரந்தரமாகவே விட்டுவைப்பதும் உண்டு. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் கண்ணைப் பார்த்த மருத்துவர். செருகிவைத்த சீட்டு அன்று.

கருவிகள் மெலிந்துவிட்டன. 2002இல் இருபத்தைந்து கேஜ், 2005இல் இருபத்து மூன்று கேஜ் என்று, தையல்கூடத் தேவைப்படாத நுண்துளைகள் வழியே இன்று அறுவை நடக்கிறது. தழும்பு உண்டாவதைத் தடுக்கும் மருந்து மட்டும் இன்னும் கைகூடவில்லை. அணுப்பெருக்கத்தை அடக்கும் மருந்து ஒன்றையும் ஹெப்பாரினையும் சேர்த்துக் கொடுத்தபோது 2001இல் நம்பிக்கையான முடிவு வந்தது. பிந்திய பெரிய ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. ஸ்டீராய்டுகளும் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விழித்திரை ஒட்டுவது வேறு. பார்வை திரும்புவது வேறு. மறு அறுவைக்குப்பின் திரை முழுதும் படிந்திருந்தும், கைவிரல்களை எண்ணும் அளவே தெரிகிறவர்கள் உண்டு.

அந்த அளவு போதுமா என்று கண்ணுள்ளவர்கள் கேட்பது எளிது. பெரியபுராணத்தில் சுந்தரர் இரு கண்ணும் இழந்து நடக்கிறார். திருவெண்பாக்கத்தில் அவருக்குக் கிடைப்பது ஊன்றுகோல்; காஞ்சியில் ஒரு கண்; திருவாரூர் சேர்ந்தபின்தான் மறு கண். ஒரே நாளில் இரண்டையும் கொடுத்திருக்கக் கூடாதா என்று வகுப்பில் மாணவர்கள் கேட்பதுண்டு. விழித்திரை மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வி எழாது. ஊன்றுகோலுக்கும் ஒரு கண்ணுக்கும் உள்ள தூரம் அவர்களுக்குத் தெரியும். வாசற்படி எங்கே என்று தெரிவது, வந்தவர் ஆணா பெண்ணா என்று தெரிவது, துணையின்றிக் கொல்லைப்புறம் போய்வருவது, இவை ஒவ்வொன்றும் அவர்களுக்கு ஒரு காஞ்சிபுரம்.

ஆகவே முதலில் எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். 'போன கண் போனதுதான்' என்பது 1920 வரை எல்லாருக்கும் உண்மை. திரை மறுபடி விலகியவர்களுக்கு அது 1970கள் வரை உண்மை. இன்று அது, காலம் கடந்து வந்தவர்களுக்கும் தழும்பு முற்றிவிட்ட சில கண்களுக்கும் மட்டுமே உண்மை. அந்தச் சிலரில் நாம் சேர்கிறோமா இல்லையா என்பதை நம் வீட்டுத் திண்ணையில் இருந்து தீர்மானிக்க முடியாது. பூச்சி பறந்தாலோ, மின்னல் வெட்டினாலோ, ஓரத்தில் நிழல் விழுந்தாலோ அன்றைக்கே புறப்பட வேண்டும். ஒருமுறை அறுவை செய்தவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். நெல்லைக்கு முதல் பேருந்து விடியுமுன்பே கிளம்புகிறது.